சபுரா அழிக்கச் சொன்ன ஒன்றரை நிமிடம்

பொக்லைன் மூன்றாவது வீட்டின் சுவரில் பல்லைப் பதித்திருந்த நேரத்தில், ஒரு அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு, பையிலிருந்து மெரூன் நிற ஜாக்கெட் ஒன்றை எடுத்து உதறினார்.

“இன்னா சபுரா, கைய இவ்ளோ டைட்டா தச்சு வச்சிருக்க? நாளைக்கு நிச்சயதார்த்தம். முழங்கைக்கு மேல ஏறவே மாட்டேங்குது.”

சபுராவின் வீடு வரிசையில் ஏழாவது. பீரோ, கட்டில், பாத்திரம், சிலிண்டர் எல்லாம் தெருவில் கிடந்தன. தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிலின் நடுவில் வைத்திருந்தார். செங்கல் புழுதி எல்லோருடைய புருவத்திலும் படிந்திருந்தது.

சபுரா ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டுக்குத்தான் தச்சேன். உள்ள துணி விட்டிருக்கேன். பிரிச்சுக்கலாம்.”

“அப்ப பிரிச்சுக் குடு.”

“இப்பவா?”

“பின்ன எப்ப? நிச்சயதார்த்தம் நாளைக்குங்கறேன்.”

சபுரா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பிளேடு தேடி, தையலைப் பிரித்து, ஊசியில் நூல் கோத்து, கையாலேயே தைக்க ஆரம்பித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது வீடு படுத்துவிட்டது. அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இடது கையும் பாத்துக்கோ” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்கூட்டரை உருட்டிக் கால்வாயில் தள்ளியிருப்பேன். அந்த அம்மாள் மேல் மட்டுமில்லை, சபுரா மேலும்தான். வீடு போகிறது, இவர் கை பிரித்துக்கொண்டிருக்கிறார். இதில் கொடுமை, நான் அதைப் படம் பிடிக்கவில்லை. கேமராவைத் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, ‘இந்தத் தொல்லை முடியட்டும், நிஜமான காட்சி வரட்டும்’ என்று காத்திருந்தேன்.

இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான்கு முறை இடிக்காத இயந்திரம்

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆவணப்படம் எடுப்பவள். அம்பத்தூரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், எப்படியோ இடிந்த வீடுகளையும் நீர் புகுந்த தெருக்களையும் படம் எடுப்பவளாக ஆகிப்போனேன். எல்லாம் உடைந்துபோகும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்த படம்.

பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கால்வாய் ஓரமாக ஒரு தெரு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கால்வாயை அகலப்படுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார்கள். அந்த வாரமே நான் போய்ச் சேர்ந்தேன். ஒலிப்பதிவுக்கு ஸ்டீபன். வேறு ஆள் கிடையாது.

இடிப்பதற்கு நாள் குறித்தார்கள். விடியற்காலையில் நானும் ஸ்டீபனும் போய் நின்றோம். மக்கள் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு ஒருவர் வந்து, “இன்னிக்கு போலீஸ் பந்தோபஸ்து கிடைக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். சாமான்களை உள்ளே எடுத்து வைத்தார்கள்.

அடுத்த முறை இயந்திரம் வரவில்லை. அதற்கடுத்த முறை இயந்திரம் வந்தது, அதிகாரி வரவில்லை. நான்காவது முறை இரண்டும் வந்தன, கூடவே மழையும் வந்தது. ஒவ்வொரு முறையும் பீரோ வெளியே, பீரோ உள்ளே. ஒருகட்டத்தில் பக்கத்து வீட்டு எல்லப்பன், “வூட்ட இடிக்கிறதுக்கு முன்னாடி பீரோ ஒடஞ்சிரும் போலகீது” என்றார்.

எல்லப்பனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திருமழிசைப் பக்கம் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். இவர் சரக்கு ஆட்டோ ஓட்டினார். தெருவில் யாருக்கு எது என்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். சாதாரணமாகப் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேமராவை எடுத்தேனோ இல்லையோ, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வேறு மனிதராகிவிடுவார்.

“எங்கள் பகுதி வாழ் மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளோம். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடியாக…”

“அண்ணே, சாதாரணமா பேசுங்கண்ணே. காலைல என்கிட்ட பேசுனீங்களே, அந்த மாதிரி.”

“டிவில அப்பிடிப் பேசுனா மரியாதையா இருக்குமா மேடம்?”

“இது டிவி இல்லண்ணே.”

“சர்தான். டிவி இல்ல.” தொண்டையைச் செருமிக்கொள்வார். “எங்கள் பகுதி வாழ் மக்கள்…”

ஸ்டீபன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

காம்பவுண்டுச் சுவர்

கேமரா முன்னால் நான் எதிர்பார்த்த பேச்சு வராமல் போவது எனக்குப் புதிதல்ல. பல வருஷங்களுக்கு முன்னால், பெருமழை பெய்த ஒரு டிசம்பரில், நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற மனிதர், மனைவி, இரண்டு பேர்தான். இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. சுவரில் சேறு கோடு போட்டிருந்தது. ஃபிரிட்ஜ் சமையலறையில் குப்புறக் கிடந்தது. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தன.

நான் கேமராவை வைத்துவிட்டு, “அந்த ராத்திரி என்ன ஆச்சு சார்?” என்று கேட்டேன்.

அவர் பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய காம்பவுண்டுச் சுவர் தன் இடத்துக்குள் எத்தனை அங்குலம் வந்திருக்கிறது என்பதைப் பற்றி. சர்வேயர் வந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான் திட்டியது, எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளத்தைப் பற்றி நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றது. கேசட் தீர்ந்துபோனது. அவர் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “அந்தச் சொவரும் விழுந்துடுச்சுன்னு சொன்னீங்களா?” என்று கேட்டார்.

அந்தப் பேட்டியை நான் பயன்படுத்தவே இல்லை. ‘பயனற்றது’ என்று எழுதி ஒட்டிவைத்தேன். இந்தத் தொழிலில் நான் எதையும் சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து ஒரு குரல்

கால்வாய்த் தெருப் படத்துக்கு டெல்லியில் ஒரு தயாரிப்பாளர் இருந்தார். தமிழர்தான். வாரத்துக்கு ஒருமுறை நான் அனுப்பும் காட்சிகளைப் பார்த்துவிட்டுப் போன் செய்வார்.

“எல்லாரும் என்னங்க பாத்திரம் கட்டிக்கிட்டே இருக்காங்க?”

“இடிக்கப்போறாங்க சார். கட்டாம என்ன பண்ணுவாங்க?”

“அது சரி. ஒருத்தர்கூட உடைஞ்சுபோகலியே. பாக்குறவனுக்கு என்ன பிடிப்பு?”

எனக்கு எரிச்சலாக இருக்கும். போனை வைத்துவிட்டு ஸ்டீபனிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டுவேன். ஆனால் மறுநாள் தெருவுக்குப் போனதும் என் கண்ணும் அதையேதான் தேடும். யாராவது உடைவார்களா? சபுரா உடைவாரா?

அவரைத்தான் நான் அதிகம் பின்தொடர்ந்தேன். கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் ரிஸ்வானா, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவார். ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் வராது.

“வீடு போகப்போகுதேன்னு நினைச்சா எப்படி இருக்கு?”

“அந்தக் கத்திரிய எடுங்கக்கா. உங்க பக்கத்துல கீது பாருங்க.”

முதல் நாளே அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லோரிடமும் சொல்வதுதான். “உங்களுக்கு எந்தக் காட்சியாவது வேணாம்னு பட்டா சொல்லுங்க, எடுத்துடுறேன்.” சொல்லும்போது யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

ஏழாவது வீடு

இனி வருவதை எழுத சபுரா அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ரிஸ்வானாவிடமும் அவரே பிற்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை.

நான்கு முறை ஒன்றும் நடக்காததால் ஐந்தாவது முறையை யாரும் நம்பவில்லை. அன்று ரிஸ்வானாவுக்குப் பரீட்சை. “நீ போய் எழுதிட்டு வா, இவனுங்க இன்னிக்கும் வர மாட்டானுங்க” என்று அம்மாதான் அனுப்பி வைத்தார்.

வந்துவிட்டார்கள்.

ஸ்கூட்டர் அம்மாள் ஜாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது இயந்திரம் ஐந்தாவது வீட்டுக்கு வந்திருந்தது. சபுரா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். அதிகாரியிடம் நடந்தார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

“சார், என் பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கு. பரீச்சை. மூணு மணிக்கு வந்துரும். அதுவரைக்கும் என் ஊட்ட மட்டும் விட்டுவைங்க சார்.”

“அதெல்லாம் முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே நேரம்தான்.”

“ஊட்ட விடச் சொல்லல சார். அது வந்து ஒருவாட்டி உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டும். காலைல சாதாரணமா கெளம்பிப் போச்சு சார். திரும்பி வரும்போது ஒண்ணுமே இல்லாம இருந்தா…”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சட்டையும் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. “நகருங்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

சபுரா விழுந்தார். முழங்கால் போட்டு அல்ல, நெடுஞ்சாண்கிடையாக. இரண்டு கையாலும் அவருடைய ஷூவைப் பிடித்துக்கொண்டார். முகம் மண்ணில் இருந்ததால் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. சேலை முதுகிலிருந்து விலகியிருந்தது. அதிகாரி காலை உருவ முயன்று தடுமாறினார். எல்லப்பன் ஓடிவந்து, “எந்திரி தங்கச்சி, எந்திரிம்மா, வாணாம்” என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். கேட்டதும் விழுந்ததும் சேர்த்து மொத்தம் ஒன்றரை நிமிடம்.

ஃபோகஸ் விலகவில்லை. கேமராவை இறக்கியதும் எனக்குள் வந்த முதல் எண்ணம், ‘கிடைத்துவிட்டது.’

ஏழாவது வீடு விழுந்த அரைமணி நேரத்தில் டெல்லிக்குப் போன் செய்து அதையே வாயாலும் சொன்னேன். என் குரலில் இருந்த சந்தோஷம் ஸ்டீபனின் ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. அவன் ஆஃப் செய்ய மறந்திருந்தான்.

மூன்று மணிக்கு ரிஸ்வானா வந்தாள். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சபுரா மண் ஒட்டிய நெற்றியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “பேப்பர் ஈஸியா?” என்று கேட்டார்.

வேற எங்கியாவது கீதா

மாற்று வீடு இன்னும் மேற்கே, அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. பத்து நாள் கழித்துப் போனேன். மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தார். ரிஸ்வானா கல்லூரிக்குப் போயிருந்தாள்.

“அன்னிக்கு எடுத்ததக் காட்டுங்கக்கா” என்றார்.

காட்டினேன். லேப்டாப்பில் முழுதும் பார்த்தார். முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

“அத அழிச்சுருங்க.”

“சபுரா, இதுதான் படமே. உங்க தெருவுக்கு என்ன ஆச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும்னா இந்த இடம் வேணும். இதுதான் படத்தோட நெஞ்சு.”

“உங்க படத்துக்கு நெஞ்சு வேணும்னா என் முதுகுதான் கெடச்சுதா?”

வாதாடினேன். முகத்தை மறைத்துவிடுகிறேன் என்றேன். குரலை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“ரிஸ்வானாவுக்கு என் முதுகு தெரியாதாக்கா? நான் பொறந்ததுலேர்ந்து யார் கால்லயும் வுழுந்ததில்ல. அவ அத பாக்கக் கூடாது. நீங்கதான சொன்னீங்க, வேணாம்னா எடுத்துடுறேன்னு?”

சொன்னேன்தான்.

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். “வேற எங்கியாவது கீதா?” என்று கேட்டார். ஸ்டீபனிடம் ஒரு பிரதி இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, அதை அழிக்கச் சொன்னேன்.

“பதினோரு மாசம்,” என்றான் ஸ்டீபன். “பதினோரு மாசம் அந்தத் தெருவுல செங்கப்புழுதியத் தின்னுருக்கேன்.”

“அழி ஸ்டீபன்.”

“நீங்களே வந்து அழிங்க” என்று வைத்துவிட்டான். சாயங்காலம் ‘அழிச்சாச்சு’ என்று ஒரே ஒரு வார்த்தையில் செய்தி வந்தது.

டெல்லிக்காரர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “அப்ப நம்மகிட்ட இருக்கிறது பாத்திரம் கட்டுற படம்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். இருந்ததை வைத்து நானே வெட்டி ஒட்டினேன். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு படம் வந்தது.

சேலை மாட்டிய ஜன்னல்கள்

படத்தை முதலில் அவர்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். அடுக்குமாடியின் கீழே ஒரு பொதுக்கூடம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்து மாட்டினார்கள். ஆனாலும் எல்லோர் முகத்திலும் பச்சையும் ஆரஞ்சுமாக வெளிச்சம் விழுந்தது.

ஸ்டீபனும் வந்திருந்தான். என்னோடு அதிகம் பேசவில்லை. ஸ்பீக்கர் வயர்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

படம் ஓடியது. தங்கள் கதவுகளைப் பார்த்ததும் கத்தினார்கள். எல்லப்பனின் “எங்கள் பகுதி வாழ் மக்கள்” வந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் எழுந்து நின்று கும்பிட்டார். பீரோ வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீடுகள் விழும்போது அமைதியானார்கள். கடைசியில் சபுரா கட்டிலில் உட்கார்ந்திருக்க, படம் முடிந்தது.

யாரோ ஒரு சேலையை விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது.

முதலில் பேசியது ரிஸ்வானா. நடு வரிசையிலிருந்து எழுந்து நின்றாள்.

“ஏம்மா, அவங்க பாட்டுக்கு வந்து இடிக்கிறாங்க. நீ பாட்டுக்கு மூட்டை கட்டிக்கினு ஒக்காந்திருக்க. ஒரு வார்த்தைகூடவா கேக்கல?”

கூடம் மொத்தமும் சபுராவைப் பார்த்தது. சபுரா என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, நான் ஒண்ணுமே கேக்காத மாதிரி காட்டியிருக்கீங்க? நான் போய்க் கேட்டத ஏன் போடல?”

என் காதுகளை நம்ப முடியவில்லை. ஸ்பீக்கர் பக்கமிருந்து ஸ்டீபன் நிமிர்ந்து பார்த்தான். பதினோரு மாத உழைப்பு, டெல்லி, என் வாக்கு, ஸ்டீபனின் ‘அழிச்சாச்சு’ எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடப் பார்த்தேன். “நீங்கதானே…” என்று ஆரம்பித்தேன்.

சபுரா என்னை முடிக்க விடவில்லை. மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

“கேக்காம இருப்பேனா? நேரா அந்த ஆபீசருகிட்ட போனேன். என் பொண்ணு பரீச்சை எழுதிட்டு மூணு மணிக்கு வரும், அது வர்ற வரைக்கும் என் ஊட்டு மேல ஒருத்தன் கைய வைக்கக் கூடாதுன்னேன். முடியாதுன்னான். சட்டையப் புடிச்சுட்டேன்.”

“சட்டையவா?” என்றாள் ரிஸ்வானா.

“ஆமா. இப்பிடி.” தன் கழுத்துக்குக் கீழே முஷ்டியை வைத்துக் காட்டினார். “போலீசு நிக்கிறான், நான் வுடல.”

கூடத்தில் அன்றைக்குத் தெருவில் நின்ற முப்பது நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் பார்த்தவர்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லப்பன் தொண்டையைச் செருமினார். மேடைத் தமிழ் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

“நாந்தான் போய் இஸ்துகினு வந்தேன்” என்றார். “உங்கம்மா கைய வுடவே மாட்டேன்ட்டாங்கம்மா. அந்தாளுக்குச் சட்டைப் பட்டன் ஒண்ணு தெறிச்சு வுழுந்துச்சு.”

“ஆமா, வுழுந்துச்சு” என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

ரிஸ்வானா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். கெட்டிக்காரப் பெண். ஊரார் சொல்வதை ஊரார் சொல்வதாகவே எடுத்துக்கொண்டு, கேமரா வைத்திருந்தவளிடம் வந்தாள்.

“அக்கா, நீங்க அங்கதான இருந்தீங்க? பாத்தீங்களா?”

சபுரா என்னைப் பார்க்கவில்லை. முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேம்மா” என்றேன். “மேலேர்ந்து ரெண்டாவது பட்டன்.”